பத்து நிமிட கவருக்கு இத்தனை ஆயுள் எதற்கு? கடல்பாசியும் கரும்புச் சக்கையும் காட்டும் மாற்று வழி!

கடல்பாசி சாப்பிட்டிருக்கிறீர்களா? தண்ணீரில் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி, கொஞ்சம் ரோஸ் கலர் கலந்து தட்டில் ஊற்றி, ஆறியதும் துண்டு போட்டுச் சாப்பிடுவோமே, அதேதான். நோன்பு மாதத்தில் பல வீடுகளில் தினமும் இருக்கும். அப்படிப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த ஒரு தட்டைக் காலி செய்துவிட்டு, கழுவாமல் இரண்டு நாள் ஜன்னலோரமாக வைத்துவிட்டேன். சோம்பேறித்தனம்தான், வேறு காரணமில்லை.

மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் ஆச்சர்யம். தட்டின் அடியில் ஒட்டியிருந்த மிச்சம் காய்ந்துபோய், நகத்தால் கிள்ளியதும் தாள் மாதிரி உரிந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது. மெதுவாக வளைத்தால் வளைகிறது. ரோஸ் நிற கேரி பேக்கிலிருந்து வெட்டியெடுத்த துண்டு என்று சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள்.

"தட்டைக் கழுவாம, அதை வச்சு என்ன ஆராய்ச்சி?" என்றார் அம்மா.

அம்மா கேலியாகக் கேட்டாலும், இதைத்தான் உலகின் பல ஆய்வுக்கூடங்களில் கோட் போட்டுக்கொண்டு செய்துகொண்டிருக்கிறார்கள். கடலில் வளரும் பாசி, வயலில் மிஞ்சும் சக்கை, வைக்கோல்... இவற்றிலிருந்து மண்ணில் மட்கிப்போகும் கவர், கப், தட்டு, பேக்கிங் செய்ய முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. 'முடியும்' என்பது பதிலின் முதல் பாதி. இரண்டாவது பாதி கொஞ்சம் சிக்கலானது. அதைத் தெரிந்துகொள்ள, நானும் வீட்டு மாடியில் ஒரு சின்ன சோதனை செய்தேன்.

செம்பருத்திச் செடி இருக்கும் தொட்டியில் நான்கு துண்டுகளைப் புதைத்தேன். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. ஒன்று, நானே செய்த கடல்பாசித் தாள். இரண்டு, கரும்புச் சக்கைத் தட்டின் ஒரு துண்டு. மூன்று, சாம்பார் கட்டி வந்த சாதாரண பாலித்தீன் கவர். நான்கு, 'பயோ' என்று பச்சை எழுத்தில் அச்சடித்து ஒரு கடையில் கொடுத்த பை. ஆறு வாரம் கழித்துத் தோண்டுவது என்று திட்டம். முடிவைக் கடைசியில் சொல்கிறேன்.

வேலை பத்து நிமிடம், ஆயுள் பல தலைமுறை

ஹோட்டலில் சாம்பார் கட்டித் தரும் கவர் எவ்வளவு நேரம் வேலை செய்கிறது? கடையிலிருந்து வீடு வந்து, பாத்திரத்தில் ஊற்றும் வரை. பத்து நிமிடம், அதிகம் போனால் அரை மணி நேரம். அதன்பிறகு அது குப்பைத் தொட்டிக்கும், அங்கிருந்து குப்பைக் கிடங்குக்கும், வாய்க்காலுக்கும், சில நேரம் மாட்டின் வயிற்றுக்கும் போகிறது. அதைக் கட்டிக்கொடுத்தவர், வாங்கியவர் இருவரின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது எங்காவது கிடக்கும்.

2017-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1950 முதல் 2015 வரை உலகம் தயாரித்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். அதில் குப்பையாகிவிட்டதில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவிகிதம் மட்டுமே. எரிக்கப்பட்டது 12 சதவிகிதம். மீதி 79 சதவிகிதம் கிடங்குகளிலும் மண்ணிலும் நீரிலும் அப்படியே இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ரா, ஸ்பூன், தட்டு போன்றவற்றுக்கு நாடு முழுக்கத் தடை வந்தது. ஆனாலும் சாம்பார் கவர் நம் கைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. ஏனென்றால், அது மலிவு, லேசு, ஒழுகாது, சூடு தாங்கும். இத்தனை குணமும் உள்ள இன்னொரு பொருளை அதே விலையில் கொடுத்தால்தான் கடைக்காரர் மாறுவார்.

பிளாஸ்டிக்கை மொத்தமாகத் திட்டுவதிலும் அர்த்தமில்லை. இருபது, முப்பது வருடம் உழைக்க வேண்டிய தண்ணீர்க் குழாய்க்கு மட்காத பொருள் பொருத்தமானது. பத்து நிமிட கவருக்கு அதே ஆயுள் எதற்கு? வேலைக்கு ஏற்ற ஆயுள் உள்ள பொருள்தான் வேண்டும். பாசியும் சக்கையும் முக்கியமாவது இங்கேதான்.

பாசிக்குள் என்ன இருக்கிறது?

கடல்பாசிக்கு மரம் போல விறைப்பான தண்டு கிடையாது. அலை அடிக்கும் பக்கமெல்லாம் வளைந்து கொடுக்க வேண்டும், ஆனால் கிழியக் கூடாது. அதற்காக அதன் செல் சுவர்களில் வழவழப்பான பசை போன்ற சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. முக்கியமாக மூன்று வகை.

முதலாவது அகர். நாம் கடையில் 'கடல்பாசி', 'சைனா கிராஸ்' என்று வாங்குவது இதைத்தான். மன்னார் வளைகுடாப் பக்கம் 'மரிக்கொழுந்து பாசி', 'கஞ்சிப் பாசி' என்று மக்கள் சொல்லும் சிவப்புப் பாசிகளிலிருந்து இது கிடைக்கிறது.

இரண்டாவது கராகீனன். 'கப்பாஃபைகஸ்' என்ற சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கிறார்கள். ஐஸ்கிரீமும் டூத்பேஸ்ட்டும் திக்காக இருப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ராமநாதபுரம் கரையோரத்தில் இதை ஒப்பந்த முறையில் வளர்க்க ஏற்பாடு செய்ததால், ஊர்க்காரர்கள் 'பெப்சி பாசி' என்றே சொல்கிறார்கள்.

மூன்றாவது ஆல்ஜினேட். 'கட்டைக்கோரை', 'பக்கோடா பாசி' போன்ற பழுப்புப் பாசிகளில் இருப்பது. இதற்கு ஒரு தனிக் குணம் உண்டு. கால்சியம் கலந்த நீரில் பட்டதும் மெல்லிய சவ்வாக இறுகிவிடும்.

இந்தப் பசைகளை வெந்நீரில் கரைத்து, பரப்பிக் காயவைத்தால் தாள். அவ்வளவுதான் அடிப்படை. வெறும் பசை காய்ந்தால் அப்பளம் போல உடையும். அதனால் கொஞ்சம் கிளிசரின் சேர்க்கிறார்கள். அது சங்கிலிகளுக்கு நடுவில் புகுந்து, அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல இடம் கொடுக்கிறது. தாள் மெத்தென்று வளைகிறது. மண்ணில் போட்டால் நுண்ணுயிரிகளுக்கு இது பழக்கமான சாப்பாடு. அதனால்தான் மட்குகிறது.

இன்னொரு பெரிய வசதி, பாசி வளர்க்க நிலம் வேண்டாம், நன்னீர் வேண்டாம், உரமும் வேண்டாம். மூங்கில் மிதவையில் கட்டிவிட்ட கப்பாஃபைகஸ் சுமார் 45 நாளில் அறுவடைக்கு வந்துவிடும்.

லண்டன் மாரத்தானில் ஒரு பாசி உருண்டை

2019 ஏப்ரலில் நடந்த லண்டன் மாரத்தானில், ஓடி வந்தவர்களுக்கு ஓரிடத்தில் பாட்டிலுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன உருண்டைகளைக் கொடுத்தார்கள். உள்ளே பானம், வெளியே பாசிச் சவ்வு. வாயில் போட்டுக் கடித்தால் பானம் கிடைக்கும். சவ்வை விழுங்கலாம், துப்பினாலும் மட்கிவிடும். 30,000-க்கும் மேற்பட்ட உருண்டைகள் அன்று விநியோகமாயின. 'ஊஹோ' என்று பெயரிடப்பட்ட இதைச் செய்தது நோட்பிளா என்ற லண்டன் நிறுவனம். டிசைன் படித்த இரண்டு மாணவர்கள் தொடங்கியது. 2022-ல் எர்த்ஷாட் பரிசாக 10 லட்சம் பவுண்டு இவர்களுக்குக் கிடைத்தது.

ஐஸ்லாந்தில் 2016-ல் ஆரி யோன்சன் என்ற டிசைன் மாணவர் அகரிலேயே ஒரு தண்ணீர் பாட்டில் செய்து காட்டினார். தண்ணீர் இருக்கும் வரை பாட்டில் பாட்டிலாக நிற்கும். காலியானதும் சுருங்கி மட்க ஆரம்பித்துவிடும்.

இந்தியாவும் பின்தங்கிவிடவில்லை. பாசியிலிருந்து பேக்கிங் பொருள் செய்யும் ஸீரோசர்க்கிள் என்ற இந்திய ஸ்டார்ட்-அப், 2023-ல் டாம் ஃபோர்டு பிளாஸ்டிக் இன்னொவேஷன் பரிசு பெற்ற மூன்று நிறுவனங்களில் ஒன்று. மற்ற இரண்டு, அமெரிக்காவின் ஸ்வேயும் மேலே சொன்ன நோட்பிளாவும்.

சூடான சாம்பார் வைத்த பரீட்சை

இவ்வளவு நல்ல பொருள் என்றால் ஏன் நம் தெருமுனை ஹோட்டலுக்கு இன்னும் வரவில்லை? நான் செய்த கடல்பாசித் தாளைக் கிண்ணம் போல மடக்கி, கொதிக்கக் கொதிக்க சாம்பார் ஊற்றிப் பார்த்தேன். சில நிமிடத்தில் சாம்பாரும் தாளும் கலந்து கஞ்சியாகிவிட்டது. அகர் சுமார் 85 டிகிரிக்கு மேல் உருகிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பார் அதைவிடச் சூடு. ஆறிய தண்ணீர் ஊற்றினால் கரையவில்லை, ஆனால் தாள் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிட்டது.

பாசியின் பலவீனமே தண்ணீர்தான். மட்குவதற்கு எந்தக் குணம் உதவுகிறதோ, அதே குணம்தான் பயன்படுத்தும்போது காலை வாருகிறது. மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சிக்கொண்டு பிசுபிசுப்பாகும்.

அதனால் புத்திசாலித்தனமான நிறுவனங்கள் எல்லா கவரையும் பாசியால் மாற்றப் பார்ப்பதில்லை. எங்கு பொருந்துமோ அங்கு மட்டும் நுழைகிறார்கள். உதாரணமாக, பார்சல் சாப்பாட்டு அட்டை டப்பாவின் உள்பக்கம் எண்ணெய் ஊறாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அதற்குப் பதிலாகப் பாசிப் பூச்சு கொடுக்கிறார்கள். பலத்தை அட்டை தருகிறது, எண்ணெயைப் பாசி தடுக்கிறது.

இந்தக் கூட்டணி யோசனைதான் நம்மை வயல் பக்கம் கூட்டிப்போகிறது.

பாசி சிமென்ட், சக்கை கம்பி

கரும்புச் சக்கை, வைக்கோல், உமி, வாழைத் தண்டு, தென்னை நார் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள். தாவரங்களுக்கு எலும்பு மாதிரி. இந்த நாரை மிக நுண்ணியதாகப் பிரித்துப் பாசிப் பசையோடு கலந்தால், கான்கிரீட்டில் கம்பி போட்ட மாதிரி தாள் உறுதியாகிறது. தண்ணீர் உறிஞ்சுவதும் குறைகிறது. உலகெங்கும் பாசியையும் விவசாயக் கழிவையும் சேர்த்து ஆராய்ச்சி நடப்பதற்குக் காரணம் இதுதான்.

தமிழ்நாட்டுக்குச் சக்கை புதிதல்ல. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் (டி.என்.பி.எல்), 1980-களிலிருந்தே கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துக் காகிதம் தயாரிக்கிறது. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. 'சக்கையை எங்களுக்குக் கொடுங்கள், பதிலுக்கு எரிபொருளும் நீராவியும் தருகிறோம்' என்று ஆலைகளோடு ஏற்பாடு செய்துகொண்டது அந்த நிறுவனம். நம் பள்ளி நோட்டுப் புத்தகங்களில் சிலவற்றைக் கரும்புத் தாளில்தான் எழுதியிருக்கிறோம்!

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2022-ல், பயிர்த் தாளடியிலிருந்து எடுத்த செல்லுலோஸையும் ஆமணக்கு எண்ணெயையும் சேர்த்து, பை செய்யக்கூடிய மட்கும் தாளை உருவாக்கினார்கள். உலகிலேயே அதிகம் ஆமணக்கு விளைவது நம் நாட்டில்தான். சாப்பாட்டுக்கு ஆகாத எண்ணெய், வயலில் எரிக்கிற தாளடி. இரண்டும் சேர்ந்து பையாகின்றன.

சென்னை ஐ.ஐ.டி-யில் காளானை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். விவசாயக் கழிவு, காகிதக் கழிவு மீது சிப்பிக் காளான் போன்றவற்றின் வேர் போன்ற இழைகளை வளர்த்தால், அவை கழிவைப் பின்னிப் பிணைத்துக் கட்டியாக்கிவிடும். சூடு கொடுத்து வளர்ச்சியை நிறுத்தினால், டிவி டப்பாவுக்குள் வரும் தெர்மாகோலுக்குப் பதிலாக வைக்கலாம். 2025-ல் வெளியான ஆய்வு இது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இன்று சந்தையில் பரவலாகக் கிடைக்கும் தாவர பிளாஸ்டிக்கான பி.எல்.ஏ பெரும்பாலும் மக்காச்சோளம், கரும்பு போன்ற பயிர்களின் மாவு, சர்க்கரையிலிருந்து வருகிறது. தட்டில் விழ வேண்டியது தட்டாகவே மாறினால் சரியா என்ற கேள்வி அதில் உண்டு. சக்கையிலும் வைக்கோலிலும் அந்தக் கேள்வி எழாது. அதேசமயம், வைக்கோல் மாட்டுக்குத் தீவனம், சக்கை ஆலைக்கு எரிபொருள். 'கழிவு' என்று நாம் சொல்வது இன்னொருவருக்குக் கழிவாக இல்லாமலும் இருக்கலாம்.

'பயோ' என்று எழுதிவிட்டால் போதுமா?

போதாது. 'தாவரத்திலிருந்து செய்தது' என்பதும் 'மட்கும்' என்பதும் ஒன்றல்ல. 'மட்கும்' என்பதும் 'உங்கள் வீட்டுத் தொட்டியில் மட்கும்' என்பதும் ஒன்றல்ல.

மட்கும் பிளாஸ்டிக்குக்கு இந்தியாவில் ஐ.எஸ்/ஐ.எஸ்.ஓ 17088 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. அதற்கான சோதனை சுமார் 58 டிகிரி வெப்பத்தில், தொழிற்சாலை அளவிலான உரக்குழிச் சூழலில் நடக்கும். அதில் தேறிய பை, 30 டிகிரி வெப்பமுள்ள நம் மாடித் தொட்டியிலோ கடலிலோ அதே வேகத்தில் மட்கும் என்று சொல்ல முடியாது. பி.எல்.ஏ கப் பலவற்றுக்கும் இதே கதைதான். உரக்குழிக்குப் போகாமல் குப்பைமேட்டுக்குப் போனால் அதுவும் இன்னொரு குப்பை.

கடையில் மட்கும் பை கொடுத்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். 'கம்போஸ்டபிள்' என்ற சொல், தயாரிப்பாளரின் பெயர், சான்றிதழ் எண். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சான்று பெற்றுத்தான் இந்தப் பைகளை விற்க வேண்டும் என்பது விதி. வெறுமனே இலை படமும் 'எகோ', 'பயோ' என்ற எழுத்தும் மட்டும் இருந்தால் சந்தேகப்படலாம்.

இயற்கையானது என்றாலே பாதுகாப்பானது என்பதும் சரியில்லை. 2025 மே மாதம், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பாக்கு மட்டைத் தட்டுகளை உணவுக்குப் பயன்படுத்துவது பற்றி எச்சரிக்கை விடுத்தது. பாக்கில் இயற்கையாக இருக்கும் ஆல்கலாய்டுகள் உணவில் இறங்கலாம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். தமிழ்நாடு, கர்நாடகாவில் இந்தத் தட்டு செய்து ஏற்றுமதி செய்பவர்களுக்கு இது பெரிய அடி. சக்கைத் தட்டிலும் எண்ணெய் ஊறாமலிருக்கச் சில தயாரிப்பாளர்கள் ஃபுளோரின் கலந்த ரசாயனம் சேர்ப்பது வெளிநாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எதிலிருந்து செய்தார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், என்ன சேர்த்தார்கள், உணவுக்குச் சோதித்தார்களா என்றும் கேட்க வேண்டும்.

பாம்பன் பெண்களுக்கு என்ன கிடைக்கும்?

பாசி என்றதும் ஆய்வுக்கூடம் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால், அது தொடங்கும் இடம் பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துக் கடல். அங்கே பெண்கள் தலைமுறைகளாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, காலில் கட்டிய தகடு, இடுப்பில் ஒரு வலைப்பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போய், பாறையிலிருந்து பாசியைப் பறித்துக்கொண்டு மேலே வருவார்கள். பாறையும் பவளமும் கையைக் கிழிக்கும்.

சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி, இப்படிப் பாசி எடுக்கும் பெண்களின் தலைவி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அதனால் கடலுக்குள் போவதற்கே கட்டுப்பாடுகள். லட்சுமியும் தோழிகளும் 'மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்போம்' என்று தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள். பாசி மறுபடி வளர அவகாசம் கொடுப்பதற்காக. 2015-ல் அவருக்கு அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது.

நாளை பாசிக் கவருக்குப் பெரிய சந்தை வந்தால் இந்தப் பெண்களுக்கு நல்லதுதானே என்று தோன்றும். தானாக நல்லது நடந்துவிடாது. 10 கிலோ ஈரப் பாசி காய்ந்தால் சுமார் ஒரு கிலோதான் தேறும். அதிலிருந்து பசையைப் பிரித்தால் எடை இன்னும் குறையும். காய்ந்த பாசியாக விற்றால் கரையில் நிற்பது கொஞ்சப் பணம்தான். அதைப் பசையாக, தாளாக, பையாக மாற்றும் இடத்தில்தான் லாபம் சேர்கிறது. அந்த ஆலையும் வேலையும் ராமநாதபுரத்திலேயே வந்தால் கதை வேறு. 2021 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குப் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. ராமநாதபுரம் மாவட்டத்தில் அமையும் அந்தப் பூங்காவில் நாற்று தருவதோடு நிற்கப்போகிறார்களா, பொருள் தயாரிப்பும் நடக்குமா என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

கடலுக்கும் ஒரு பயம் இருக்கிறது. கப்பாஃபைகஸ் நம் கடலின் சொந்தப் பாசி அல்ல, வெளியிலிருந்து வந்தது. குருசடைத் தீவுப் பக்கம் அது பவளப்பாறைகள் மீது படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பவளம் மூச்சு முட்டினால் மீன் குறையும், மீன் குறைந்தால் அதே கரையின் மீனவர் வீட்டில் அடுப்பு எரியாது. கரையிலிருக்கும் பிளாஸ்டிக்கைக் குறைக்கப் போய் கடலுக்குள் ஒரு சிக்கலை உண்டாக்கக் கூடாது. நம் கடலிலேயே விளையும் கஞ்சிப் பாசி, மரிக்கொழுந்து பாசி போன்றவற்றை வளர்க்கும் முறைகளில் அதிகக் கவனம் வேண்டும் என்று கேட்பவர்களின் வாதம் இதுதான்.

நீங்களும் செய்து பார்க்கலாம்!

அகரின் வரலாற்றில் சமையலறைக்கு ஒரு மரியாதை உண்டு. 1880-களின் தொடக்கத்தில், ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை ஜெலட்டின் மீது வளர்த்தார்கள். வெயில் வந்தால் ஜெலட்டின் உருகிவிடும். அங்கு வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, 'ஜெல்லி செய்ய நான் பயன்படுத்தும் அகர் வெயிலில் உருகாதே' என்ற யோசனையைக் கொடுத்தார். இன்றுவரை உலகின் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்ப்பது அகர் மீதுதான்.

விடுமுறையில் பிள்ளைகளோடு செய்து பார்க்க, இதோ என் அளவு. தண்ணீர் ஒரு டம்ளர் (200 மி.லி.), கடல்பாசித் தூள் 2 தேக்கரண்டி, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கிளிசரின் 1 தேக்கரண்டி. மூன்றையும் கலந்து, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இரண்டு, மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். தூள் முழுதும் கரைந்து தெளிந்ததும், லேசாக எண்ணெய் தடவிய தட்டையான தட்டில் மெல்லிசாக ஊற்றுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், கொதிக்கும் பாசி கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

வெயிலில் வைக்காதீர்கள், ஓரம் சுருண்டுவிடும். மின்விசிறிக் காற்றில் மூன்று, நான்கு நாள். சர்க்கரை வேண்டாம், எறும்பு வரும் (என் முதல் தாள் அப்படித்தான் போனது). காய்ந்ததும் ஓரத்திலிருந்து உரியுங்கள். மிளகு, கிராம்பு போன்ற உலர்ந்த பொருள்களைப் பொட்டலம் கட்டலாம். இது விளையாட்டுச் சோதனைதான் என்பதால் சாப்பிட வேண்டாம்.

தொட்டியைத் தோண்டினேன்

ஆறு வாரம் முடிந்தது. அம்மாவும் வந்து நின்றார்.

கடல்பாசித் தாளைத் தேடினேன், கிடைக்கவில்லை. புதைத்த இடத்தில் நட்டுவைத்த குச்சி மட்டும் இருந்தது. சக்கைத் தட்டு கறுத்து, ஊறி, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. அதன் அடியில் ஒரு மண்புழு சுருண்டிருந்தது. பாலித்தீன் கவரைத் தண்ணீரில் அலசினேன். புதிது போல ஆகிவிட்டது. அதை மறுபடி பயன்படுத்தலாம் என்கிற அளவுக்கு!

நான்காவது, அந்த 'பயோ' பை. பச்சை எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். இழுத்துப் பார்த்தேன், கிழியவில்லை. மீதியிருந்த பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தயாரிப்பாளர் பெயர் இல்லை, சான்றிதழ் எண்ணும் இல்லை. அது நிஜமாகவே மட்கும் ரகமா, வெறும் பச்சை மை அடித்த பாலித்தீனா என்று கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. வாங்கும் யாருக்கும் வழியில்லை. கூடுதலாக ஐந்து ரூபாய் கொடுத்து வாங்கிய பை அது.

ஒரு வீட்டின் ஒரு தொட்டியில் நடந்ததை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால், கடைக்காரரிடம் இனி என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'இது எதில் செய்தது' என்பதோடு, 'இது எங்கே போய், எத்தனை நாளில் மட்கும்' என்றும் கேட்கப் போகிறேன். கேட்பவர்கள் அதிகமானால், பதில் சொல்லக்கூடிய பைகள் கடைக்கு வரும்.

அதுவரை? அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை டிபன் வாங்கக் கிளம்பியபோது, என் கையில் மஞ்சள் பையும், சாம்பாருக்கு ஒரு தூக்குவாளியும் கொடுத்து அனுப்பினார்.